வருமானம் குறைந்தால் தாபரிப்பு தானாகக் குறையாது



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வெளிநாட்டு உழைப்பாளி இருப்பவர்களும், காதி நீதிமன்றத்தில் தாபரிப்புக் கட்டளை பெற்ற குடும்பங்களும் கட்டாயம் வாசியுங்கள்.

கல்முனை முதல் பொத்துவில் வரை நமது ஊர்களில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று வாப்பாமாரின் பேச்சு: "வேலை போன பிறகும் கடன்பட்டுக் கடன்பட்டு அதே காசைக் கட்டினேன், ஒருத்தரும் கணக்கில எடுக்கல்ல." மற்றது உம்மாமாரின் பேச்சு: "அவருக்கு அங்க சம்பளம் கூடி எவ்வளவு காலம், புள்ளைக்கு வாறது அண்டைக்கு எழுதின அதே காசுதான்."

இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. வருமானம் மாறியது. கட்டளை மாறவில்லை. மாறியதை உரிய இடத்தில் போய் யாரும் சொல்லவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் வழக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் அதன் முடிவு வகுப்பறைக்கு வருகிறது. டியூஷனை இடையில் நிறுத்திய பிள்ளை, சப்பாத்து கிழிந்தும் கேட்கப் பயப்படும் பிள்ளை, வாப்பாவின் பெயரைச் சொன்னால் தலையைக் குனியும் பிள்ளை என்று வருகிறது. அதனால் இந்தத் தாபரிப்புக் கட்டளை எங்கிருந்து வந்தது, அது ஏன் தானாக மாறுவதில்லை, மாற்றக் கேட்கும் வழியைச் சட்டம் எப்போது திறந்து வைத்தது என்று வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

*அளவுக்குத் தக்கபடி என்ற விதி*

பிள்ளையின் செலவு வாப்பாவின் கடமை என்பதில் மார்க்கத்தில் கருத்து வேறுபாடு இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பால் குடிக்கும் பிள்ளையின் உம்மாவுக்கு உணவும் உடையும் கொடுக்கும் பொறுப்பைத் தகப்பன் மீது வைக்கிறது. அதே வசனம் பிள்ளையைக் காரணம் காட்டி உம்மாவுக்கும் இடைஞ்சல் கூடாது, வாப்பாவுக்கும் இடைஞ்சல் கூடாது என்று இரு பக்கத்தையும் சேர்த்துப் பேசுகிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் இன்னும் தெளிவு: வசதி உள்ளவர் வசதிக்கு ஏற்பச் செலவிட வேண்டும், கை நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் கொடுத்ததில் இருந்து செலவிட வேண்டும். அதாவது நபகாவின் அளவு கொடுப்பவரின் நிலைமையோடு சேர்ந்து நகர வேண்டியது.

நபிகளாரின் காலத்திலேயே ஒரு முறைப்பாடு வந்தது. அபூசுப்யானின் மனைவி ஹிந்த், கணவர் கையிறுக்கம் உள்ளவர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று சொன்னார். உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை முறையோடு எடுத்துக்கொள் என்பது அவருக்குக் கிடைத்த தீர்ப்பின் சாரம். இங்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. பிள்ளைக்குப் போதுமானது எவ்வளவு என்பது ஒன்று. முறையானது எது என்பது மற்றது. பிற்காலத்துச் சட்டங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகின்றன.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் வேறொரு பிரச்சினை வந்தது. படைக்குப் போன ஆண்கள் நீண்ட காலம் குடும்பத்தை விட்டுத் தொலைவில் இருந்தார்கள். உமர் அவர்கள் தளபதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள்: அந்த ஆண்கள் குடும்பத்துக்குச் செலவு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விவாகரத்துச் செய்து கடந்த காலச் செலவையும் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் உழைப்பவரின் குடும்பப் பொறுப்பு நமது காலத்தில் புதிதாக முளைத்த கேள்வி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஒரு நுணுக்கம் உண்டு. இமாம் நவவி (வபாத் 1277) எழுதிய மின்ஹாஜ் நமது மத்ரஸாக்களில் தெரிந்த கிதாபு. அதன்படி மனைவியின் நபகாவுக்கு ஓர் அளவு நிர்ணயம் இருக்கிறது: வசதியுள்ளவர் நாளுக்கு இரண்டு முத்து தானியம், நடுத்தரமானவர் ஒன்றரை, ஏழை ஒன்று. கொடுக்காமல் விட்டால் அது அவர் மேல் கடனாக நிற்கும். பிள்ளையின் நபகாவுக்கு இப்படி அளவு இல்லை, தேவைக்குப் போதுமானதைக் கொடுக்க வேண்டும். காலம் கடந்துவிட்டால் அது சாதாரணமாகக் கடனாக மாறாது. ஆனால் காதி ஓர் அளவை விதித்துவிட்டால், அல்லது வாப்பாவின் பேரில் கடன் வாங்கக் காதி அனுமதித்துவிட்டால், அது கடனாகிவிடும்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். காதி வாய் திறப்பதற்கு முன்பு பிள்ளையின் செலவு நாளாந்தக் கடமை. காதி அளவு விதித்த பிறகு அது கணக்கில் ஏறும் கடன். நமது இன்றைய சட்டத்தின் தன்மையும் இதுதான்.

*கரையோரத்தில் எப்படி இருந்தது*

ஆங்கிலேயர் சட்டம் வருவதற்கு முன்னும் வந்த பிறகும் நமது கரையில் பிணக்குகளைப் பள்ளிவாசல்தான் தீர்த்தது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்தார். குடி தாய் வழியாக வருவது. திருமணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம், இன்றும் அப்படித்தான். வீடும் வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கம் தாபரிப்பின் போக்கையும் தீர்மானித்தது. குடும்பம் பிரிந்தால் வீட்டை விட்டு வெளியேறுவது ஆண். உம்மாவும் பிள்ளையும் உம்மம்மாவும் அதே வளவில் இருப்பார்கள். தலைக்கு மேல் கூரை இருப்பதால் பிள்ளை தெருவுக்கு வருவதில்லை. வாப்பா கொடுக்காத மாதங்களில் மூத்தப்பாவும் மாமாவும் தாங்குவார்கள். இது நமது சமூகத்தின் பலம். ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. பிள்ளைதான் பட்டினி இல்லையே என்று வாப்பாவும் சும்மா இருப்பார். போய்க் கேட்பது மானக்கேடு என்று உம்மாவின் வீட்டாரும் சும்மா இருப்பார்கள். வாய் திறக்காத பழக்கம் அங்கே வேர் விட்டது.

*1806 முதல் 1889 வரை*

ஆளுநர் தோமஸ் மெயிற்லண்டின் காலத்தில், 1806இல், முகம்மதியச் சட்டக்கோவை வெளியானது. முதலில் கொழும்பு மாகாணத்துக்காக வந்து பின்னர் மற்றப் பகுதிகளுக்கும் விரிந்தது. வாரிசுரிமையும் திருமணமும்தான் அதன் முக்கிய விடயங்கள். பிரிந்த குடும்பத்தின் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் என்ற ஏற்பாடு வேறு வழியாக வந்தது.

அந்த வழி இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம். 1601ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, தன் பிள்ளையைத் தாங்க வசதி உள்ளவர் தாங்க வேண்டும், ஊர்ச் செலவில் விடக்கூடாது என்று இருந்தது. அங்கே அரசுக்கு இருந்த கவலை ஊர் வரிப்பணம். இலங்கையில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அதே மனப்போக்கில், மனைவி பிள்ளைகளைச் செலவுக்கு வழியில்லாமல் விட்டுப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆளைச் சிறையில் போடலாம். ஆனால் சிறைக்குள் இருக்கும் வாப்பா பிள்ளைக்கு எதைக் கொடுப்பார்?

அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம். போதிய வசதி இருந்தும் மனைவியையோ பிள்ளையையோ கவனிக்காதவரை நீதவான் அழைத்து விசாரித்து, மாதம் இவ்வளவு என்று கட்டளை இடலாம். இது இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த ஏற்பாட்டைத் தழுவியது. மதம், இனம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தியது.

இந்தச் சட்டத்தில் ஒரு சிறிய பிரிவு இருந்தது. கட்டளை இட்ட பிறகு நிலைமை மாறினால், பணம் பெறுபவரோ கட்டுபவரோ விண்ணப்பம் செய்து, மாற்றத்தை நிரூபித்து, தொகையை மாற்றித் தரும்படி கேட்கலாம். இந்த ஒரு பிரிவைத்தான் நமது ஊரில் அதிகம் பேர் அறியாமல் இருக்கிறார்கள். மாற்றத்துக்கு அன்றே சட்டம் கதவு வைத்தது. ஆனால் கதவைத் தட்ட வேண்டியது மாற்றம் வந்தவர். நீதவான் வீடு வீடாக வந்து, உமது சம்பளம் குறைந்ததா என்று கேட்க மாட்டார்.

*காதி நீதிமன்றம் வந்த பிறகு*

1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க முஸ்லிம் திருமண, விவாகரத்துப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தது. சட்டபூர்வமான காதிமார் அதன் கீழ்தான் வந்தார்கள். பிறகு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டம் நிறைவேறி, 1954 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அம்பாறை என்று ஒரு மாவட்டமே இல்லை. 1961 வரை நாம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தோம். எழுபது வருடத்துக்கும் மேலாக நமது குடும்ப வழக்குகள் நடப்பது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

அதன் 47ஆம் பிரிவு காதியின் அதிகாரங்களை வரிசையாகச் சொல்கிறது: மஹர், மனைவியின் தாபரிப்பு, பிள்ளையின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிரசவச் செலவு, கைக்கூலி. அந்த வரிசையிலேயே, ஏற்கனவே விதித்த தாபரிப்பைக் கூட்டும்படியோ குறைக்கும்படியோ வரும் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரமும் இருக்கிறது. கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் ஒரே வாசல். உம்மாவுக்கு வேறு சட்டம், வாப்பாவுக்கு வேறு சட்டம் இல்லை. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது, ஆகவே சட்டத்தரணிக்குக் கட்டக் காசில்லை என்ற தடையும் இல்லை. தீர்ப்பில் குறை கண்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

கட்டளைப்படி பணம் வராவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். நீதவான் விதித்த தண்டப்பணத்தை அறவிடுவது போல் அந்த நிலுவை அறவிடப்படும். நிலுவை ஏறிய பிறகு நீதவானுக்கு முன்னால் நின்று, எனக்கு அப்போது வேலை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே கேட்கப்படுவது கட்டளை இருக்கிறதா, பணம் வந்ததா என்பதுதான். வேலை போன கதையைச் சொல்ல வேண்டிய இடம் காதியின் மேசை, சொல்ல வேண்டிய நேரம் வேலை போன அந்த மாதம்.

மற்றச் சமூகங்களுக்கும் வழி இதேதான். 1889ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. தகப்பன் மட்டும் என்றிருந்த பொறுப்பு வசதியுள்ள பெற்றோர் இருவருக்கும் பொதுவானது. 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளும், உடல், மன இயலாமை உள்ள பிள்ளைகளும் தனியாகச் சேர்க்கப்பட்டார்கள். தொழில் தருநர் ஊடாகச் சம்பளத்தில் கழிக்கவும் வழி வந்தது. அந்தப் புதிய சட்டத்திலும், நிலைமை மாறியதை நிரூபித்தால் கட்டளையை மாற்றலாம் என்ற பழைய பிரிவு அப்படியே தொடர்கிறது.

*ஒரு கணக்கு*

இது எப்படி ஆளை அடிக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். யாருடைய வழக்கும் அல்ல.

2019இல் ஒருவருக்குக் கட்டாரில் மாதம் 2,000 றியால் சம்பளம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபா. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 20,000 ரூபா என்று கட்டளை. 2020இல் கொரோனா வந்து வேலை போகிறது. ஊருக்கு வந்து மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறார். கிடைப்பது பாதிக்கும் குறைவு. அந்த நிலைமையைச் சொல்லியிருந்தால் தொகை 10,000 ஆகக் குறைந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லவில்லை. வேலை போனது நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்ற வெட்கம். ராத்தாவின் நகையை அடகு வைத்து 14 மாதம் அதே 20,000ஐக் கட்டுகிறார். கூடுதலாகக் கட்டியது 140,000 ரூபா. அதோடு கை ஒடிந்து, முழுவதையும் நிறுத்திவிடுகிறார். பத்து மாதம் போகிறது. நிலுவை 200,000 ரூபா.

இப்போது அவருடைய மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது: நான் ஏற்கனவே 140,000 கூடக் கட்டியிருக்கிறேன், அதைக் கழித்தால் மிச்சம் 60,000தான். ஏட்டில் அந்தக் கணக்கு இல்லை. ஏட்டில் இருப்பது 20,000 என்ற கட்டளையும் பத்து மாத நிலுவையும்தான். அவர் கூடக் கட்டியது என்று நினைப்பது, சட்டத்தின் பார்வையில் கட்ட வேண்டியதைக் கட்டியது. அந்தக் காசு அரிசியாகவும் பால்மாவாகவும் கொப்பியாகவும் போய்விட்டது. பிள்ளை சாப்பிட்டதைத் திருப்பிக் கேட்க எந்த வாப்பாவும் விரும்பமாட்டார், கேட்டாலும் கிடைப்பது கடினம்.

இதே கணக்கை மறுபக்கம் திருப்புங்கள். அவருடைய வேலை போகவில்லை என்று வையுங்கள். 2022 தொடக்கத்தில் 55 ரூபா அளவில் இருந்த கட்டார் றியால், ரூபா சரிந்த அந்த மே மாதத்துக்குள் 100 ரூபாவை நெருங்கியது. அதே 2,000 றியால் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ இரண்டு லட்சமாகிவிட்டது. அவர் ஒரு மணித்தியாலம்கூட மேலதிகமாக உழைக்கவில்லை. இங்கே பிள்ளைக்கு வருவது அதே 20,000. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். அந்த 20,000 ரூபாவில் பிள்ளையின் தட்டில் விழுந்தது பாதிதான். அப்போதும் ஒருவரும் காதியிடம் போகவில்லை என்றால், பிள்ளையின் நஷ்டத்தை யார் எண்ணுவார்?

ஆகவே இது ஆண்கள் பக்கப் பிரச்சினை என்றோ பெண்கள் பக்கப் பிரச்சினை என்றோ பிரித்துப் பேச முடியாது.

*நமது கரையின் வருமானம் நிலையானதல்ல*

மாதச் சம்பளக்காரருக்காக எழுதியது போல இருக்கும் ஒரு கட்டளை, நமது ஊர்ப் பிழைப்போடு எப்போதும் இழுபறிதான். சம்மாந்துறை வயல்காரருக்குக் காசு வருவது பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கடலுக்குப் போகிறவருக்குக் கடல் அடங்காத மாதங்களில் வலை காயும். மருதமுனைத் தறிக்காரருக்கு நூல் விலை ஏறினால் கூலி இறங்கும்.

2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்க முடியாது. நமது மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. தோணியும் வலையும் கடையும் தறியும் ஒரே காலையில் போயின. ஒரு சமூகத்தின் வருமானம் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் மாறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கட்டளை எழுதிய தாளுக்குக் கடல் வந்தது தெரியாது. யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும்.

*மற்ற நாடுகள் என்ன செய்தன*

இது நமக்கு மட்டும் வந்த தலையிடி இல்லை. பணக்கார நாடுகளும் இதே இடத்தில் தடுமாறின.

இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993 முதல் பிள்ளைத் தாபரிப்பைக் கணக்கிட ஒரு தனி அரச நிறுவனமே வந்தது. இன்றைய முறையில் வருமான வரித் திணைக்களத்தின் பதிவில் இருந்து வருமானத்தை எடுத்து, ஒவ்வொரு வருடமும் மீளாய்வு செய்கிறார்கள். அப்படியும் ஓட்டை இருக்கிறது. இடையில் வருமானம் மாறினால், அந்த மாற்றம் 25 வீதமாவது இருந்தால்தான் பொதுவாகக் கணக்கை மாற்றுவார்கள். உரிய நேரத்தில் அறிவிக்காதவர் பழைய கணக்கின்படி கட்டிக்கொண்டே இருப்பார். கணினியும் வரிப் பதிவும் உள்ள நாட்டிலேயே வாய் திறந்து சொல்வதற்கு மாற்று வழி கிடைக்கவில்லை.

அமெரிக்கா இன்னும் கடுமை. 1986இல் செனட்டர் பில் பிராட்லியின் பெயரில் ஒரு திருத்தம் வந்தது. ஒரு மாதத் தாபரிப்பு நிலுவையாகிவிட்டால், எந்த நீதிபதியும் பின்னோக்கிப் போய் அதைக் குறைக்க முடியாது. மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்து, மறுபக்கத்துக்கு அறிவித்த நாளில் இருந்துதான் மாற்றலாம். பிள்ளையின் காசை ஏமாற்றி, பிறகு நீதிமன்றத்தில் அழுது தப்புவோரைத் தடுக்க வந்த விதி அது. ஆனால் அதில் உண்மையான கஷ்டக்காரரும் மாட்டிக்கொண்டார்கள். 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்த நேரம், நம்மவர்களும் பல்லாயிரம் பேர் அங்கே அகப்பட்டார்கள் அல்லவா. அப்போது பணயக் கைதியாகப் பிடிபட்ட ஓர் அமெரிக்க ஊழியர், மாதக்கணக்கில் அடைபட்டு விடுதலையாகி ஊர் திரும்பியதும், கைதியாக இருந்த காலத்தின் பிள்ளைத் தாபரிப்பைக் கட்டவில்லை என்று கைது செய்யப்பட்டார். அவர் எங்கே போய் விண்ணப்பம் கொடுத்திருப்பார்? சட்டம் நேர்மையற்றவரைப் பிடிக்க விரித்த வலையில், சொல்ல வழியில்லாதவரும் விழுவார் என்பதற்கு அது ஒரு பாடம்.

இந்தியாவில் வேறு விதமாக யோசித்தார்கள். 2020 நவம்பர் 4ஆம் திகதி இந்திய உயர் நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்ப்புக் கொடுத்தது. தாபரிப்பு வழக்கில் இரு பக்கமும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியில் முதலிலேயே வெளிப்படுத்த வேண்டும். வழக்கு நடக்கும்போது நிலைமை மாறினால், புதிய சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். ஒருவர் மறைக்க மற்றவர் தேட என்று ஓடிய ஆட்டத்தை நிறுத்தும் முயற்சி இது. கூட்டிக் காட்டாமல், குறைத்துக் காட்டாமல், இருப்பதைச் சொல் என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

மூன்று நாடுகள், மூன்று வழிகள். எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது: மாற்றம் சொல்லப்பட்ட நாளில் இருந்துதான் பெரும்பாலும் நிவாரணம் தொடங்குகிறது. சொல்லாமல் கழிந்த மாதங்கள் கைவிட்டுப் போன மாதங்கள்.

*ஏன் சொல்லாமல் இருக்கிறோம்*

சட்டத்தில் வாசல் இருந்தும் நாம் ஏன் போவதில்லை? சில காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்.

வேலை போனதைச் சொல்வது வெட்கம். வெளிநாட்டில் இருந்து வந்தவர் பெட்டி நிறையச் சாமானோடு வர வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. வெறுங்கையோடு வந்தேன் என்று எழுதிக் கொடுக்க மனம் வராது.

இரண்டாவது, சொன்னால் நம்பமாட்டார்கள் என்ற பயம். பொய் சொல்லிக் குறைக்கக் கேட்டவர்கள் முன்பு இருந்ததால், உண்மை சொல்பவரும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார். இதற்கு மருந்து அழுகை இல்லை, ஆவணம்.

மூன்றாவது, உம்மாமாரின் பக்கம். கூட்டிக் கேட்டால் காசுக்கு அலைகிறாள் என்று பேசுவார்கள் என்ற பயம். தாபரிப்பு உம்மாவின் கைச்செலவு அல்ல, பிள்ளையின் உரிமை. கேட்பது பிள்ளைக்காக. அப்படிப் பேசுபவர்களின் வாயை நாம்தான் அடைக்க வேண்டும்.

*என்ன செய்யலாம்*

வருமானம் குறைந்தவர் செய்ய வேண்டியவை:

1. கட்டுவதை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். காதி மாற்றும் வரை பழைய கட்டளைதான் கட்டளை. முழுவதும் முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். ஒன்றும் கட்டாதவருக்கும் பாதி கட்டியவருக்கும் வித்தியாசம் உண்டு.

2. வேலை போன அந்த மாதமே கட்டளை இட்ட காதி நீதிமன்றத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்தால், எப்படி விண்ணப்பிப்பது என்று நம்பிக்கையான ஒருவர் ஊடாகக் காதியிடம் விசாரியுங்கள்.

3. ஆவணம் சேருங்கள்: கம்பனியின் வேலை நிறுத்தக் கடிதம், சம்பளத் துண்டு, வங்கிக் கூற்று, கடவுச்சீட்டில் நாடு திரும்பிய முத்திரை, வைத்தியச் சான்றிதழ்.

4. கையில் காசு கொடுத்தால் துண்டு வாங்குங்கள், இயன்றவரை வங்கியில் போடுங்கள். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளும் பெருநாள் உடுப்பும் உங்கள் அன்பு, அதைத் தாபரிப்பில் கழிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

வருமானம் கூடியவர்: யாரும் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் ரிஸ்கில் ஒரு பங்கு உங்கள் கையில் வந்திருக்கிறது. நீங்களாகக் கூட்டிக் கொடுத்தால் வழக்கே தேவையில்லை.

பிள்ளை வளர்ப்பவர்: பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது விதித்த தொகை சாதாரண தரம் படிக்கும்போது போதாது. பிள்ளையின் தேவை கூடுவதும் நிலைமை மாறுவதுதான். கொப்பி, டியூஷன், மருந்துச் செலவுகளைக் குறித்து வைத்து, கூட்டிக் கேளுங்கள். வாப்பாவுக்கு உண்மையிலேயே கஷ்டம் என்று தெரிந்தால், விண்ணப்பத்தை எதிர்க்க முன்பு ஒரு தரம் யோசியுங்கள். கட்டக்கூடிய 10,000 மாதாமாதம் வருவது, கட்ட முடியாத 20,000 நிலுவையாக ஏறுவதைவிடப் பிள்ளைக்கு நல்லது.

பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். முன்பு மரைக்காயர்மார் செய்த வேலையில் ஒரு பங்கு இன்றும் உங்களிடம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வேலை இழந்து வருபவர் யார் என்று ஊருக்குத் தெரியும். அவரை அழைத்து, காதியிடம் போய்ச் சொன்னீரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க ஆசிரியர்களாகிய நாம் தயார். அது நமக்கு ஒரு மணி நேர வேலை. அவருக்கு அது பிடியாணையில் இருந்து பாதுகாப்பு, பிள்ளைக்கு அது ஒழுங்காக வரும் காசு.

அளவுக்குத் தக்கபடி செலவிடு என்ற விதி ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பு வந்தது. அதைக் கட்டளையாக எழுதும் முறை நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக நமது நாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு வேலையை மனிதரிடம் விட்டிருக்கிறார்கள்: அளவு மாறியபோது அதைச் சொல்வது.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் ரிஸ்கில் பரகத் செய்வானாக. கட்டுபவருக்கு இலகுவையும், வளர்ப்பவருக்குப் பொறுமையையும், தீர்ப்பளிப்பவருக்கு நீதியையும் கொடுப்பானாக. ஆமீன்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு இதை அனுப்பி வையுங்கள்.